வாசலோரத்துத் தும்பை

சில ஆண்டுகளுக்கு முன்பு கரவனெல்ல பகுதியின் இறப்பர் தோட்டங்களில் வீட்டுத்தோட்டப் போட்டி ஒன்றை நடத்தினோம். பங்கின் சமூகப் பணிக் குழு மரக்கறி விதைப் பொட்டலங்களையும் பூச்செடிக் கன்றுகளையும் வீடு வீடாகக் கொடுத்தது. மூன்று மாதம் கழித்து, கையில் புள்ளித் தாளோடு லயம் லயமாக ஏறி இறங்கினோம். அந்தத் தாளில் ஐந்து தலைப்புகள் இருந்தன. அவற்றில் ஒன்று 'துப்புரவு'. களை இல்லாத பாத்திக்குப் பத்துப் புள்ளிகள்.

ஒரு லயத்தின் கடைசிக் காம்பறாவில் எழுபது வயதைத் தாண்டிய அம்மாயி ஒருவர் இருந்தார். பல ஆண்டுகள் பால் வெட்டி ஓய்ந்த கைகள். அவருடைய சிறிய பாத்தியில் கத்தரியும் மிளகாயும் வல்லாரையும் செழித்து நின்றன. ஆனால் பாத்தியின் ஓரமெல்லாம் தும்பை. முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, கணுவுக்குக் கணு வெள்ளைப் பூ. நாம் துப்புரவுக்கு மூன்று புள்ளிகள் போட்டோம். போட்டதோடு நில்லாமல், "அம்மாயி, இந்தக் களையைப் பிடுங்கியிருந்தால் முதற் பரிசு உங்களுக்குத்தான்" என்று புத்திமதியும் சொன்னோம்.

அவர் கோபப்படவில்லை. "அத நான் வைக்கல்ல சாமி. அதுவா வந்திச்சு. வந்து பூத்து நிக்கிறத எப்பிடிப் பிடுங்கிறது?" என்றார்.

முதற் பரிசு, செவ்வந்தியை வரிசை பிடித்து நட்டிருந்த வேறொரு வீட்டுக்குப் போயிற்று. அந்த வீட்டார் உழைத்தார்கள், பரிசுக்குத் தகுதியானவர்கள்தாம். ஆனால் மலை இறங்கும்போது அம்மாயியின் கேள்வி நம்மோடு கூடவே வந்தது. இன்றும் அது நம்மை விடவில்லை. கிராம அபிவிருத்தி பற்றிப் பேசும் நாம், அந்த மூன்று புள்ளிகளைப் போட்டபோது யாருடைய கண்ணால் அந்தப் பாத்தியைப் பார்த்தோம்?

களை என்று தீர்மானிப்பவர் யார்?

களை என்று தாவர உலகில் தனியாக ஒரு குடும்பம் கிடையாது. நிலத்தை வைத்திருப்பவருக்கு வேண்டாத செடி களை. வேண்டிய செடி பயிர். அவ்வளவுதான். நம்மைச் சுற்றி மலை மலையாக நிற்கும் இறப்பர் இந்த மண்ணில் தானாக முளைத்த மரமன்று. அது பிரேசில் நாட்டுக் காட்டு மரம். 1876ஆம் ஆண்டு அதன் விதைகள் அங்கிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோகப்பட்டு முளைக்க வைக்கப்பட்டன. அதே ஆண்டில் 1,919 கன்றுகள் கப்பலேறி இலங்கைக்கு வந்து, கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. வந்தேறி மரம், ஆனால் வருமானம் தந்ததால் அதற்குத் 'தோட்டப் பயிர்' என்ற மரியாதை கிடைத்தது. அது வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கு பூத்துக்கொண்டிருந்த தும்பைக்குக் 'களை' என்ற பட்டம் கிடைத்தது.

இன்னுமோர் உதாரணம். வேலியோரங்களில் பல நிறங்களில் பூக்கும் உண்ணிச் செடியைச் சிங்களத்தில் 'கந்தபான' என்பார்கள். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த அந்தச் செடி, 1826ஆம் ஆண்டு பேராதனைப் பூங்காவுக்கு அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்டது. பூங்காவை விட்டு வெளியேறி, நாடு முழுவதும் பரவி, இன்று வனப் பூங்காக்களில்கூட யானைக்கும் மானுக்கும் வேண்டிய புல்லை அமுக்கிக்கொண்டிருக்கிறது. அழகுக்காக வரவேற்ற செடி ஆக்கிரமிப்பாளனாயிற்று. யாருக்கும் தொல்லை தராமல் வரப்போரத்தில் நின்ற செடிதான் பிடுங்கப்படுகிறது.

வயலில் விதைத்த கோதுமையும் களையும் பற்றிய உவமையை நாம் ஞாயிறு திருப்பலியில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதில் வரும் களை பகைவன் விதைத்தது. அதைத் தும்பையோடு ஒப்பிட நாம் துணியவில்லை. ஆனால் அந்த வீட்டுத் தலைவர் தம் பணியாளரின் அவசரத்தைத் தடுக்கிறார் அல்லவா? பிடுங்கும் கை சில வேளைகளில் எதைப் பிடுங்குகிறோம் என்று அறியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. புள்ளித் தாளோடு போன நமக்கு அது தெரியவில்லை.

பெயரிலேயே நாடு

தும்பையில் பல வகைகள் உண்டு. தமிழ்நாட்டு வயலோரங்களில் மிகுதியாகக் காணப்படுவது ஒரு வகை. நம் கேகாலை மாவட்டத்துப் புல்வெளிகளிலும் பாதையோரங்களிலும் நிற்பது பெரும்பாலும் அதன் உடன்பிறப்பு. தாவரவியலார் இதை 'லியூக்காஸ் சைலானிக்கா' என்று அழைக்கிறார்கள். 'லியூக்காஸ்' என்பது வெண்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'சைலானிக்கா' என்றால் இலங்கைக்குரியது என்று பொருள்.

1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக இங்கு வந்த பவுல் ஹெர்மன் என்பவர் இந்தத் தீவின் செடிகளைத் திரட்டி உலர்த்தி வைத்தார். அந்தத் திரட்டை ஆதாரமாகக் கொண்டு சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றி ஒரு நூலே எழுதினார். 1753இல் அவர் நம் தும்பைக்குப் பெயர் சூட்டியபோது 'சைலானிக்கா' என்ற அடைமொழியைச் சேர்த்தார். பின்னர் வந்தவர்கள் முன்பெயரை மாற்றினார்கள். அந்த அடைமொழி மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

ஆக, ஒரு புல்லோரப் பூ இருநூற்று எழுபது ஆண்டுகளாகத் தன் பெயரிலேயே இந்த நாட்டைச் சுமந்து நிற்கிறது. அந்தப் பூ நிற்கும் வாசலில் வாழும் மக்களோ, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டார்கள். 1964இல் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எண்ணிப் பிரித்தன. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே என்பது அன்றைய கணக்கு. எஞ்சியிருந்தவர்களுக்கு இந்த நாட்டின் பிரசாவுரிமை சட்டப்படி கிடைக்க 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'வந்து பூத்து நிக்கிறத எப்பிடிப் பிடுங்கிறது' என்று அம்மாயி கேட்டபோது, அவர் செடியைப் பற்றி மட்டுமா கேட்டார் என்று நமக்கு இன்றுவரை தெரியவில்லை.

இரு மொழிக்கும் ஒரு பூ

தமிழில் தும்பை, சிங்களத்தில் 'தும்ப'. சொல்லளவில் இரண்டு சமூகத்துக்கும் இது ஒரே பூ. நம் பகுதியில் நிற்கும் வகையைச் சிங்கள மக்கள் 'கெட்ட தும்ப' என்கிறார்கள். தமிழ்க் காதுக்கு அது கெட்ட தும்பை என்றே கேட்கும். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு முடிச்சு, குமிழ் என்று பொருள். கணுக்களில் பூ பந்து பந்தாகத் திரண்டிருப்பதால் வந்த பெயர் அது. அயலவர் நல்லதையே சொன்னாலும் கெட்டதாகக் கேட்டுக்கொள்வது செடி விஷயத்தில் மட்டும் நடப்பதில்லை.

கரவனெல்ல, ருவன்வெல்ல, எட்டியாந்தோட்டைப் பகுதிகளில் தோட்டமும் கிராமமும் எதிரெதிரே இருக்கின்றன. கிராமத்து அம்மாமார் தும்பை இலையை அரிந்து, தேங்காய்ப்பூவோடு 'மல்லும்' செய்வார்கள். தோட்டத்துப் பாட்டிமார் தடிமனுக்குத் தும்பை இலையைக் கொதிக்க வைத்து ஆவி பிடிக்கச் சொல்வார்கள். பிள்ளையாருக்கும் சிவனுக்கும் சாத்தும் பூ இது. அன்னை மரியாளின் கெபிக்கும் இதைப் பறித்து வரும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். பழந்தமிழர் நேருக்கு நேர் நின்று பொரும் போருக்கே இந்தப் பூவின் பெயரை வைத்தார்கள். தொல்காப்பியம் அதைத் தும்பைத் திணை என்கிறது. வெளுத்த வேட்டியையும் வெந்த இட்டலியையும் பார்த்துத் 'தும்பைப்பூப் போல' என்கிறோம். அப்படிச் சொல்லும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தும்பைப் பூவைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்? பூவின் குழலை மெல்ல இழுத்து நுனியில் உள்ள துளித் தேனை உறிஞ்சியவர்கள் அடுத்த தலைமுறையில் இருப்பார்களா?

மருந்தடித்த பாதை

இருக்க மாட்டார்கள் என்று அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. தும்பை வெயிலைத் தேடும் செடி. முற்றிய இறப்பர் மலையின் நிழலில் அது வளராது. தோட்டத்தில் அதற்குக் கிடைக்கும் இடமெல்லாம் பாதையோரம், கான் ஓரம், விளையாட்டிடத்தின் விளிம்பு, லயத்து வாசல் ஆகியவைதாம். களைநாசினி அடிக்கப்படுவதும் இந்த ஓரங்களில்தான்.

கிளைபோசேட் என்ற மருந்து இலையில் பட்டு, வேர் வரை இறங்கி, பச்சையாய் நிற்கும் எதையும் கொல்லும். அதற்குத் தும்பை வேறு, கினிப்புல் வேறு என்று தெரியாது. 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகைக்குள் அதைச் சேர்த்தது. அதே ஆண்டு இலங்கை அதைத் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. 2022இல் முற்றாகவே நீக்கப்பட்டது.

தோட்ட நிர்வாகங்களின் பக்கத்தையும் நாம் நியாயமாகப் பார்க்க வேண்டும். தடை இருந்த ஆண்டுகளில் புல் வெட்ட ஆள் கிடைக்கவில்லை. செலவு ஏறியது என்று அவர்கள் சொன்னது பொய்யன்று. மலைச் சரிவில் மம்பட்டியும் சுரண்டியும் பிடித்து நாள் முழுவதும் குனிந்து நிற்பது யாருடைய பிள்ளைக்கும் நாம் விரும்பும் வேலையன்று. ஆனால் ஒன்று கேட்கிறோம். இறப்பர் மரத்தின் அடிக்கு அடிக்கும் மருந்தை, பிள்ளைகள் விளையாடும் வாசலுக்கும் அடிக்கத்தான் வேண்டுமா? லயத்து வாசலில் நிற்கும் தும்பை எந்தக் கணக்கில் விளைச்சலைக் குறைக்கிறது?

மழை கொட்டும் பகுதி இது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். மருந்தடித்து மொட்டையாக்கிய ஓரத்து மண் முதல் மழையிலேயே கானில் இறங்கி, கான் வழியே ஓயாவில் விழுந்து, களனி கங்கைக்குப் போய்விடுகிறது. 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததைக் கண்டவர்கள் நாம். ஒரு தும்பைச் செடி மலைச் சரிவைத் தடுக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஒரு பிடி மேல்மண்ணையாவது அது பிடித்து வைத்திருக்கும் என்றுதான் சொல்கிறோம்.

அசிசியாரின் தோட்டம்

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடலின் பன்னிரண்டாம் எண்ணை வாசகர்கள் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். புனித பிரான்சிஸ் அசிசியார் தம் துறவு இல்லத்தின் தோட்டத்தில் ஒரு பகுதியைக் கொத்தாமல் விட்டுவைக்கச் சொன்னாராம். காட்டுப் பூக்களும் பூண்டுகளும் அங்கு தாமாக வளர வேண்டும். காண்பவர் மனம் அவற்றைப் படைத்தவரை நோக்கி எழ வேண்டும் என்பது அவர் விருப்பம்.

நாம் குருமடத்தில் படித்த காலத்தில் அசிசியாரைப் பறவைகளோடு பேசியவர் என்றுதான் அறிந்திருந்தோம். தோட்டக்காரனிடம் 'இந்த ஓரத்தை விட்டுவை' என்று சொன்ன அசிசியாரை அப்போது நாம் கவனிக்கவில்லை. அவர் முழுத் தோட்டத்தையும் காடாக விடச் சொல்லவில்லை. சகோதரர்களுக்குக் கீரையும் மரக்கறியும் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஓர் ஓரத்தை மட்டும் கேட்டார். மலைப்பொழிவில் நம் ஆண்டவர் சாலமோனின் செல்வச் சிறப்போடு ஒப்பிட்டுக் காட்டியதும் அரண்மனைத் தோட்டத்து மலரையன்று. உழைக்காமலும் நூற்காமலும் வெளியில் தானாக வளர்ந்து நின்றதைத்தான். நாளைக்கு அடுப்புக்குப் போகும் புல் என்று தெரிந்தே அதைச் சுட்டிக் காட்டினார்.

எப்படி வளர்ப்பது?

தும்பைக்குப் பணச் செலவு எதுவும் இல்லை. விதைப் பொட்டலம் யாரும் விற்பதில்லை, விற்கவும் வேண்டாம். மழை குறைந்த தை, மாசி மாதங்களில் பூ உதிர்ந்து காய்ந்த குமிழ்களைப் பாருங்கள். ஒவ்வொரு பூ இருந்த இடத்திலும் நான்கு சிறு விதைகள் இருக்கும். காய்ந்த தண்டை ஒடித்து, தலைகீழாகப் பிடித்து, பழைய செய்தித்தாளின் மேல் தட்டினால் விதை கொட்டும். மருந்தடிக்காத இடத்துச் செடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். விதையை நிழலில் ஓரிரு நாள் உலர்த்திக் கடதாசிப் பையில் வைத்தால் போதும். பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டி மழை தொடங்கும்போது விதைக்கலாம். இடம் வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். நாளில் பாதியாவது வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கும் இடத்தில் வேர் அழுகிவிடும். ஆகவே மண்ணை ஒரு சாண் உயரத்துக்கு வரம்பு போல ஏற்றிக்கொள்ளுங்கள். விதையை ஆழமாகப் புதைக்கக் கூடாது. மேல்மண்ணைக் கையால் கிளறி, விதையைத் தூவி, அதன் மேல் மெல்லிய மண்ணைத் தூவினால் போதும். கனத்த மழை அடித்துப் போகாதபடி முளைக்கும் வரை ஒரு தென்னோலைக் கீற்றை மேலே போட்டு வைக்கலாம். முளை தெரிந்தவுடன் எடுத்துவிட வேண்டும்.

நெருக்கமாக முளைத்தால் சாணுக்கு ஒன்றாகக் கலைத்து விடுங்கள். பிடுங்கி நடுவதானால் நான்கு இலைப் பருவத்தில், மாலை வேளையில், வேரோடு மண் ஒட்டியபடி எடுத்து நட வேண்டும். வளர்ந்த செடியைப் பெயர்த்து நட்டால் பெரும்பாலும் வாடிவிடும். பசளை போடாதீர்கள். பசளை கண்ட தும்பை இலை விடும்; பூவைக் குறைக்கும். நுனியை ஒருமுறை கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விட்டுப் புதராகும். வெயில் காலத்தில் மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் போதும். கினிப்புல்லும் மானாப்புல்லும் ஏறி மூடாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான வேலை. தும்பை தனக்கு மேல் உயரும் புல்லோடு போட்டிபோடாது, அடங்கி மறைந்துவிடும்.

இது ஓராண்டுச் செடி. பூத்து முடிந்து காயும்போது, 'செத்துவிட்டதே' என்று அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். கடைசிக் குமிழ்கள் காய்ந்து விதை கொட்டட்டும். அடுத்த மழைக்கு அதே ஓரத்தில் அதுவாகவே வரும். மண் இல்லாத லயத்து வாசலில், அடியில் ஓட்டை போட்ட பழைய தகர டின்னோ வாளியோ போதும்.

இன்னொரு பயனும் உண்டு. தும்பைப் பூவைத் தேடித் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வரும். வந்தவை பக்கத்துப் பாத்தியில் உள்ள பூசணிக்கும் பாகலுக்கும் போகும். பூச்சி வராத தோட்டத்தில் பூசணிப் பூ பூத்து உதிருமே தவிரக் காய்க்காது. அம்மாயியின் பாத்தி செழித்திருந்ததற்கு அவருடைய கைராசி மட்டும் காரணமாக இருந்திருக்காது.

மருந்தாகக் கொள்வோருக்கு

பாட்டிமாரின் அறிவை நாம் மதிக்கிறோம். அதனாலேயே இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று: பாதையோரத்திலும் மலையிலும் மருந்தடித்த இடத்துத் தும்பையை உணவுக்கோ கைமருந்துக்கோ பறிக்கவே கூடாது. சொந்த வாசலில் வளர்ப்பதற்கு இதுவே முதற் காரணம். இரண்டு: பாம்புக் கடிக்குத் தும்பைச் சாறு என்ற நம்பிக்கை நம் மக்களிடம் வேரூன்றியிருக்கிறது. விடியற் கருக்கலில் பால் வெட்டப் போகிறவர்களுக்குப் பாம்பு அன்றாட ஆபத்து. கடித்தால் இலையை அரைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், உடனே கரவனெல்ல ஆதார வைத்தியசாலைக்கோ அருகில் உள்ள அரசாங்க வைத்தியசாலைக்கோ கொண்டுசெல்லுங்கள். தடிமனுக்கு ஆவி பிடிப்பது வேறு. உயிரோடு விளையாடுவது வேறு.

தோட்டத்தில் வாழ்ந்தும் தோட்டம் இல்லாதவர்

இத்தனையும் வாசித்த பிறகு சில வாசகர்கள் கேட்பார்கள்: "சாமி, கூரை ஒழுகுகிறது. சம்பளம் போதவில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடசாலை தூரத்தில் இருக்கிறது. இந்த நேரத்தில் பூவைப் பற்றிப் பேச வேண்டுமா?"

நியாயமான கேள்வி. பூவுக்காகக் கூரையை மறக்கச் சொன்னால் அது பாவம். ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பது நம் கருத்து. நம் பேச்சுவழக்கிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. 'தோட்டம்' என்றால் மற்றத் தமிழருக்கு வீட்டின் பின்னால் உள்ள பூவும் காயும். நம் மக்களுக்குத் 'தோட்டம்' என்றால் வேலைத்தலம், பிரட்டு, துரை பங்களா, செக்றோல். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்திலேயே இறந்தும், தமக்கென்று ஒரு தோட்டம் இல்லாதவர்கள் இவர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பறாவும், காம்பறாவுக்கு முன்னால் மண் வாசலும் நிர்வாகத்துக்குச் சொந்தம். அந்த வாசலில் எது நிற்கலாம், எது நிற்கக் கூடாது என்பதும் நிர்வாகத்தின் தீர்மானம்.

2015 முதல் ஏழு பேர்ச்சஸ் காணி என்ற வாக்குறுதியைக் கேட்டு வருகிறோம். ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய உதவியோடு தோட்டங்களில் கட்டப்பட்ட வீடுகள் 550 சதுர அடி. அப்படியொரு வீடு எழுந்தால், சுற்றிலும் 1,350 சதுர அடி மண் மிஞ்சும். அந்த மண்தான் தோட்டம் என்ற சொல்லுக்கு நம் மக்களின் வாழ்வில் முதன்முதலாகக் கிடைக்கப்போகும் உண்மையான பொருள். உறுதிப் பத்திரம் கையில் வந்தவர்களும் இருக்கிறார்கள். வராமல் காத்திருப்பவர்கள் இன்னும் பலர். உறுதி இல்லாத மண்ணில் தென்னை வைக்க எவருக்கும் மனம் வராது. ஏழு ஆண்டு காத்திருந்து காய் பறிக்க நாம் இங்கு இருப்போமா என்ற பயம். அந்தப் பயத்தில் வாழ்ந்த மக்கள் ஓராண்டுச் செடியைத்தான் நம்பினார்கள். அம்மாயி தும்பையை விட்டுவைத்ததில் அந்தக் கணக்கும் இருக்கலாம்.

அந்த 1,350 சதுர அடி கையில் வரும் நாளில் நம் மக்கள் அதை எந்தக் கண்ணால் பார்க்கப்போகிறார்கள்? துரையின் கண்ணால் பார்த்து, முதல் வேலையாக மருந்துத் தாங்கியைத் தோளில் மாட்டினால், நிலம் மட்டும்தான் கைமாறியிருக்கும். நிலத்தைப் பற்றிய எண்ணம் மாறியிருக்காது. தன் மண்ணில் எது களை, எது செல்வம் என்று தானே தீர்மானிப்பதும் உரிமையின் ஒரு பகுதிதான்.

நாம் செய்யக்கூடியவை

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது சிறியது. லயங்களையும் பிள்ளை மடுவங்களையும் பாடசாலைப் பாதைகளையும் சுற்றி மருந்தடிப்பதை நிறுத்துங்கள். அந்த ஓரங்களைப் புல்வெட்டிக் கத்தியால் பார்த்துக்கொள்ள அங்கு வாழும் மக்களிடமே விடுங்கள்.

மறைக்கல்வி ஆசிரியர்களிடமும் அறநெறிப் பாடசாலை ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறோம். ஒரு ஞாயிறு வகுப்பைப் புல்வெளியில் வையுங்கள். பிள்ளைகள் பத்துச் செடிகளின் பெயரைத் தங்கள் பாட்டிமாரிடம் கேட்டு வரட்டும். அதே செடியைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வார்கள் என்று பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளிடமும் கேட்கட்டும்.

அபிவிருத்திப் பணியில் இருக்கும் நம் போன்றவர்கள் செய்ய வேண்டியது, முதலில் நம் புள்ளித் தாளைத் திருத்துவது. நாம் திருத்திவிட்டோம். அடுத்த போட்டியிலிருந்து 'துப்புரவு' என்ற தலைப்பு இல்லை. அதற்குப் பதிலாக, 'மருந்தில்லாத ஓரம்' என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் பத்துப் புள்ளிகள்தாம்.

அம்மாயி அடுத்த போட்டி வரை இருக்கவில்லை. அந்தக் கடைசிக் காம்பறாவில் இப்போது அவருடைய பேத்தி குடியிருக்கிறார். சென்ற மழையில் அந்தப் பக்கம் போயிருந்தோம். பாத்தியில் மிளகாய் குறைந்திருந்தது, தும்பை குறையவில்லை. "யார் வைத்தது?" என்று நாம் கேட்கவில்லை. கொஞ்சம் விதை தருவாயா என்று மட்டும் கேட்டு, பழைய கடதாசி உறையொன்றில் வாங்கிக்கொண்டு வந்தோம். பங்கு இல்லத்தின் படிக்கட்டு ஓரத்தில் இன்று அது பூத்து நிற்கிறது. கரவனெல்ல பக்கம் வரும் வாசகர்கள் தாராளமாக விதை வாங்கிப் போகலாம்.